மாதிரி ரயில் தளத்தில் மதுரை வட்டாரத் தரையை அமைக்கும் முறை

மாதிரி ரயில் தளத்தைப் பார்க்க வருபவரின் கண் முதலில் எஞ்சினைத்தான் தேடும். ஆனால் அந்த எஞ்சின் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதை அவருக்குத் தெரிவிப்பது தண்டவாளத்தின் இரு புறமும் கிடக்கும் தரையே. பொட்டலமாகக் கிடைக்கும் புல்தூள், பாசி, பாறை அச்சு ஆகியவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க நிலத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவற்றை அப்படியே தூவிவிட்டால், தென்னக ரயில் பெட்டிகளை எவ்வளவு நுணுக்கமாக வண்ணம் தீட்டியிருந்தாலும் அவை குளிர்நாட்டுப் புல்வெளியில் ஓடுவதாகவே தோன்றும். மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே வண்டல், கரிசல், செம்மண் என மூன்று வகை நிலங்களைப் பார்க்கலாம். இவற்றை உருவாக்கத் தேவையான பொருள்களில் முக்கால்வாசி நம் வீட்டைச் சுற்றியே கிடைப்பதால், செலவைவிடக் கவனமே இந்த வேலைக்கு அதிகம் தேவைப்படுகிறது.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் மூன்று முடிவுகளை எடுத்துவிட வேண்டும்: எந்த மண், எந்த மாதம், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது. இந்த மூன்றும் உறுதியாகாமல் தொடங்கப்படும் தரைக்காட்சி, ஓரிடத்தில் சித்திரை வெயிலையும் அடுத்த சாணிலேயே கார்த்திகை மழையையும் காட்டி நிற்கும்.

இடத்தையும் பருவத்தையும் தேர்ந்தெடுத்தல்

திண்டுக்கல் திசையில் சமயநல்லூர், சோழவந்தான் வழியாகச் செல்லும் பாதை வைகைக் கரையின் நஞ்சை நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின் அந்த நீர் வைகை வழியாக இப்பகுதி வயல்களுக்கு வருவதால், இங்கே பசுமை மழையை மட்டும் நம்பியிருப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. தெற்கே திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி, விருதுநகர் நோக்கிப் போகும்போது கரிசல் தொடங்கிவிடுகிறது. அங்கே அடிவானம் வரை திறந்த புஞ்சையும் ஒற்றை ஒற்றையாகப் பனைகளும் சீமைக்கருவேலம் புதர்களும்தான் காட்சி. மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் பாதையில் செம்மண்ணும் சரளையும் குன்றுகளும் சேர்ந்து வருகின்றன.

சிறிய இடத்தில் தளம் அமைப்பவர்களுக்கு நான் போடிப் பாதையையே பரிந்துரைப்பேன். ஒற்றைப் பாதை, சிறிய நிலையங்கள், பின்னணியில் மலை என எல்லாமே குறுகிய பலகைக்குள் அடங்கும். மேலும் அந்தப் பாதையில் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது. 2010 இறுதி வரை அது மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை. அகலப் பாதையாக மாற்றும் பணி நீண்ட காலம் நடந்து, 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடி வரையிலும் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் காலத்தைக் காட்டுவதானால் மெல்லிய ஜல்லிப் படுகை, அதன் நடுவே முளைத்த புல், தண்டவாளத்தைத் தாங்கும் பழுப்பேறிய ஸ்லீப்பர் கட்டைகள் ஆகியவை வேண்டும். இன்றைய பாதை என்றால் கான்கிரீட் ஸ்லீப்பர்களும் வெளிர்சாம்பல் நிறப் புதிய ஜல்லியும் கூர்மையான ஓரங்களோடு கூடிய மண்கரையும் வேண்டும். ஒரே ஊரின் தரை இரண்டு காலங்களில் இரண்டு விதமாக இருக்கிறது.

மதுரைப் பக்கம் மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. தரிசு நிலத்தில் பச்சை மேலோங்கி நிற்பது அந்த மாதங்களிலும் அதை ஒட்டிய சில வாரங்களிலும்தான். தை பிறந்து நாள் செல்லச் செல்லப் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறி, பங்குனி சித்திரையில் மண்ணே மேலே தெரியும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் காட்சி வேண்டுமென்றால் அடிப்படை நிறம் மண்ணும் வைக்கோலுமாக இருக்க வேண்டும். பச்சை இடையிடையே மட்டும் வர வேண்டும்.

நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பது மிகவும் அவசியம். அதற்கு நடைமேடையும் லெவல் கிராசிங்குக்கு வெளியே உள்ள சாலையும் ரயிலின் ஜன்னல் இருக்கையும் போதும். தண்டவாளப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். பாதையிலிருந்து ஜல்லி எடுத்து வருவதும் கூடாது. அந்த ஜல்லி நமக்குப் பயன்படவும் போவதில்லை.

அளவைக் கணக்கிடுதல்

இங்கே எச்ஓ அளவை, அதாவது 1:87 என்ற விகிதத்தை வைத்துக் கணக்குகளைத் தருகிறேன். உண்மையான அளவை மில்லிமீட்டரில் எழுதி 87-ஆல் வகுத்தால் மாதிரியின் அளவு கிடைத்துவிடும். நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1676 மி.மீ.; எச்ஓ அளவில் அது ஏறத்தாழ 19.3 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. மட்டுமே, ஏனெனில் அது 1435 மி.மீ. பாதைக்கானது. இந்தக் குறையைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் நன்றாகவே பொருந்தும்.

தரையைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தண்டவாளத்தைவிட முக்கியமானது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு மணல்துகள் எச்ஓ உலகில் ஏறத்தாழ 4.4 சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். எனவே வைகை மணலைக் காட்ட வைகை மணலைத் தூவினால், ஆறு முழுவதும் கற்கள் பரப்பியதுபோல் தெரியும். மணலுக்கு வேண்டியது தூசி அளவுக்கு நுண்ணிய பொடி.

தரையின் வடிவம்

பிளைவுட் பலகையின் மேல் தெர்மாகோல் தகடுகளை அடுக்கி வெட்டுவது எளிமையான முறை. கட்டியான, மணிமணியாக உதிராத வகை கிடைத்தால் அதையே வாங்கவும். பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பசையும் பெரும்பாலான ஸ்பிரே பெயின்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஆகவே ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையையும் பூசுவதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். அந்தப் புகை நல்லதல்ல.

தண்டவாளம் செல்லும் மண்கரையில்தான் பலருடைய தளங்கள் இயல்பை இழக்கின்றன. நம் ரயில்வே கரைகளின் சரிவு வழக்கமாக 2:1, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் விரிவு. மூன்று மீட்டர் உயரக் கரை எச்ஓவில் 3.5 செ.மீ. உயரம் கொண்டது, அதன் சரிவு ஒவ்வொரு பக்கமும் 7 செ.மீ. விரிய வேண்டும், ஒற்றை அகலப் பாதைக்கான மேல்தளம் 9 செ.மீ. அளவில் இருக்கும். ஆக மொத்தம் 23 செ.மீ. வேண்டியிருக்கிறது. இடம் இல்லையென்றால் சரிவைச் செங்குத்தாக்காமல் கரையின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். ஒன்றரை மீட்டர் கரை 16 செ.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும், பார்வைக்கும் இயல்பாக இருக்கும். கரை போடுவதற்காக அருகிலேயே மண் தோண்டிய நீள்சதுரப் பள்ளங்களைப் பாதையோரம் பல இடங்களில் காணலாம். மழைக்காலத்தில் அவற்றில் நீர் தேங்கிக் கோரை முளைத்திருக்கும். தளத்தில் அப்படி ஒரு பள்ளத்தைச் சேர்த்தால், கரை மண் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தரையே விளக்கம் தந்துவிடும்.

வெட்டிய வடிவத்தின் மேல், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் துணிச்சுருளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதியளவு படியுமாறு இரண்டு அடுக்குப் பரப்ப வேண்டும். அது கிடைக்காவிட்டால் மெல்லிய பருத்தித் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழம்பில் தோய்த்துப் போடலாம். சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் சிறிதளவாகவே கரைக்கவும். காய்ந்ததும் முழுப் பரப்பையும் மண்ணின் நிறத்தில் பூசிவிட வேண்டும். பின்னாளில் எங்காவது கீறல் விழுந்தாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது.

பாறைகளுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. கடையில் கிடைக்கும் ரப்பர் அச்சுகள் பெரும்பாலும் அடுக்கடுக்கான, முறிந்த விளிம்புகள் கொண்ட பாறைகளைத் தருபவை. யானைமலையையும் திருப்பரங்குன்றத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அந்நியமானவை. நம் குன்றுகள் பெரிய, வழவழப்பான, வளைந்த முதுகு கொண்ட பாறைகள். அவற்றின் மேல் மழைநீர் வழிந்த கரிய கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கும். மண் தங்கிய பிளவுகளில் மட்டுமே புதர் பிடிக்கும். தெர்மாகோலை உருண்டையாகச் செதுக்கி, மெல்லிய பிளாஸ்டர் பூசி, அது இறுகும் தறுவாயில் ஈரத்துணியால் ஒரே திசையில் நீவினால் அந்த முதுகு கிடைத்துவிடும். இளஞ்சிவப்பு கலந்த வெளிர்சாம்பலைப் பூசிக் காயவிட்டு, மிகவும் நீர்த்த கறுப்பு வண்ணத்தை உச்சியிலிருந்து தானாகவே வழியவிடுங்கள். தூரிகையால் வரைந்த கோடு ஒருபோதும் அந்த இயல்பைத் தராது.

மண்

உண்மையான மண்ணைவிடச் சிறந்த மாற்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. வாங்கிய பொடிகளில் நிறம் ஒரே சீராக இருக்கும், மண்ணில் அப்படி இருப்பதில்லை. சொந்த நிலத்திலிருந்தோ தெரிந்தவர் தோட்டத்திலிருந்தோ ஒரு படி மண் எடுத்தால் போதும். அதை இரண்டு நாள் வெயிலில் உலர்த்திக் கட்டிகளை உடைத்து, பழைய இரும்பு வாணலியில் பதினைந்து நிமிடம் வறுக்க வேண்டும். விதை, பூச்சி முட்டை, பூஞ்சை ஆகியவை மிஞ்சினால் தளத்திலேயே முளைக்கவும் நெளியவும் தொடங்கும். ஆறியதும் காந்தத்தை ஒரு பாலிதீன் பையில் சுற்றி மண்ணுக்குள் பலமுறை அளைந்து எடுங்கள். நம் செம்மண்ணில் இரும்புத் துகள் கணிசமாக இருக்கும். அதை நீக்காவிட்டால் எஞ்சினின் மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும்.

அதன் பிறகு சலித்தல். மாவுச் சல்லடையில் முதலில் சலித்தால் மேலே நிற்பது சரளைக்கும் ஓடையோரக் கற்களுக்கும் ஆகும். கீழே விழுந்ததை டீ வடிகட்டியில் சலித்தால் மேலே நிற்பது உழுத புஞ்சைக்கு உரிய புழுதி. இறுதியாக விழுந்ததை, நாட்டு மருந்து செய்பவர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல் மெல்லிய வேட்டித் துணியில் சலித்தெடுத்தால் கிடைக்கும் பொடியே ஒற்றையடிப் பாதைக்கும் ஆற்று மணலுக்கும் நிலைய முற்றத்துக்கும் ஏற்றது. மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மண் எடுத்த ஊரின் பெயரை எழுதி வைக்கவும்.

ஒட்டும் முறை இதுதான். வண்ணம் பூசிய தரையில் வெள்ளைப் பசையைச் சரிபாதி நீர் கலந்து தூரிகையால் தடவி, பொடியைச் சல்லடை வழியே மேலிருந்து உதிர்க்கவும். ஊறியதும் இரண்டாம் அடுக்கு உதிர்த்து, தெளிப்பானில் ஸ்பிரிட்டையோ, இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரையோ மென்பனியாக அடித்து நனைத்து, ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு நீர் சேர்த்த கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் ஓரத்திலிருந்து ஊறவிடவும். முன்கூட்டி நனைக்காமல் பசையை விட்டால் அது சொட்டுச் சொட்டாக உருண்டு, பொடியைக் குழி குழியாகக் கலைத்துவிடும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அருகில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது.

பசை பட்ட மண் காய்ந்த பிறகும் இயல்பைவிட ஒரு சாயல் கறுத்துவிடும். எனவே ஓர் அட்டையில் சோதித்துப் பார்த்துவிட்டே தளத்தில் தூவ வேண்டும். கறுத்துத் தெரிந்தால் நன்கு சலித்த அடுப்புச் சாம்பலைக் கலந்து வெளுக்கச் செய்யலாம். இந்தச் சோதனையைத் தளத்துக்கு மேல் எரியும் அதே விளக்கின் கீழ் நடத்த வேண்டும். குளிர்ந்த வெள்ளை ஒளியில் செம்மண் உயிரற்ற பழுப்பாகத் தெரியும்.

கரிசல் தனி குணம் உடையது. ஈரத்தில் உப்பி, காயும்போது வெடிக்கும். பரந்த புஞ்சைக்கு அதைத் தடிமனாகப் போட்டால் வெடிப்புகள் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். ஆகவே கறுப்புப் பழுப்பு வண்ணம் பூசிய தரையில் மிக மெல்லிய ஒரே அடுக்காக உதிர்க்க வேண்டும். ஆனால் வற்றிய கண்மாயின் உட்பகுதிக்கு இதே குணம் பெரும் வரம். வெடிப்புகளுக்கு இடையிலான தூரம் அடுக்கின் தடிமனைப் பொறுத்து அமைகிறது; தடிமன் குறையக் குறையக் கட்டங்கள் சிறுக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் குழைத்த கரிசலை, பசை குறைவாகச் சேர்த்துப் பூசி, மின்விசிறி இல்லாமல் மெதுவாகக் காயவிட்டால் சில மில்லிமீட்டர் அகலக் கட்டங்களாக வெடிக்கும். உண்மையில் ஒரு சாண் அகலமுள்ள வெடிப்புக் கட்டம் எச்ஓவில் இரண்டரை மில்லிமீட்டர்தான் என்பதால் அளவு கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. முழுதும் காய்ந்த பின் நீர்த்த பசையை மென்பனியாக அடித்து நிலைப்படுத்துங்கள்.

ஜல்லி

இந்திய ரயில்வேயின் ஜல்லி 65 முதல் 20 மி.மீ. வரையிலான உடைகல். எச்ஓவில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் கால் மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள். கட்டட வேலைக்கு விற்கும் எம்-சாண்டை வாங்கிக் கழுவி உலர்த்தி, மேற்சொன்ன சல்லடைகளில் சலித்து நடு அளவை எடுத்துக்கொண்டால் நம் ஊர்க் கல்லின் நிறத்திலேயே ஜல்லி தயார். ஆற்று மணல் உருண்டையானது. எம்-சாண்ட் உடைத்த கல் என்பதால் முனைகளும் சரியாக இருக்கும். இதையும் காந்தத்தால் அளைந்தே பயன்படுத்த வேண்டும்.

ஜல்லி போடுவதற்கு முன் தண்டவாளத்தின் பக்கவாட்டைத் துருநிறத்தில் பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடவும். கரண்டியால் நடுவில் கொட்டி, தட்டைத் தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு இடையே ஒதுக்கி, விரலால் தண்டவாளத்தைத் தட்டினால் துகள்கள் படிந்துவிடும். ஸ்லீப்பரின் மேலே ஒரு துகளும் நிற்கக் கூடாது. பாயிண்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, இருக்கும் இடத்தில் அசையும் பகுதிகளுக்கு அருகே துகளோ பசையோ போகாதவாறு மிகக் குறைவாகவே போட வேண்டும். நனைத்தல், பசை விடுதல் எல்லாம் மண்ணுக்குச் சொன்னதே.

பிரதான பாதையில் ஸ்லீப்பர் முனைகளுக்கு வெளியே ஜல்லிக்குத் தெளிவான தோள் இருக்கும். நிலையத்தின் கிளைப்பாதையில் அது மண்ணோடு கலந்து ஸ்லீப்பர் மட்டத்துக்கு அமிழ்ந்திருக்கும். எஞ்சின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை, பழைய பாதையில் பழுப்பு படிந்த நடுப்பகுதி ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடைக் காவிப்பொடி, கரித்தூள் இரண்டையும் உலர்ந்த தூரிகையால் தேய்த்தே கொண்டுவந்துவிடலாம்.

செடியும் நீரும்

மின்னேற்றத்தால் நிமிர்ந்து நிற்கும் நைலான் புல் இழைகளை வாங்குவதானால் வைக்கோல் நிறத்தில் நான்கு பங்கும், மங்கிய பச்சையில் ஒரு பங்கும் வாங்குங்கள். 2, 4 மி.மீ. இழைகளைக் கலந்து திட்டுத் திட்டாக அடிக்க வேண்டும். இழைகளை மின்னேற்றித் தூவும் கருவி இல்லாதவர்கள் அறுவை மில் மரத்தூளைச் சலித்து அக்ரிலிக் வண்ணத்தில் பிசைந்து உலர்த்திக்கொள்ளலாம். உயரமான காய்ந்த புல்லுக்கும் கோரைக்கும் சணல் கயிற்றை நறுக்கிக் கொத்துக் கொத்தாக நட்டால் போதும். ஆள் நடக்கும் பாதையிலும் ஆடு மேயும் இடத்திலும் புல்லை விட்டுவிடுங்கள். மிதிபட்ட மண் சுற்றியுள்ள மண்ணைவிட வெளுத்திருக்கும் என்பதால் துணியில் சலித்த பொடியை அங்கே ஒரு கோடாக உதிர்த்தால் பாதை தானே பிறக்கும்.

சீமைக்கருவேலம் இல்லாமல் இந்த வட்டாரத்தின் எந்தத் தரையும் முழுமையாகாது. காய்ந்த துளசிச் செடியின் கிளைகளை 4 முதல் 6 செ.மீ. உயரத்தில் வெட்டி, மிக மெல்லிய தேங்காய் நாரைப் பிரித்துச் சுற்றி, பசை தெளித்து, சாம்பல் கலந்த பச்சைத் தூளை மிகக் குறைவாக உதிர்க்கவும். அது ஊடே வானம் தெரியும் மரம். தழை அடர்ந்தால் வேம்பாகிவிடும். ஆவாரை ஒன்றரை செ.மீ. உயரத்துக்குமேல் போகக் கூடாது. அதன் பூவுக்கு மஞ்சள்தூள் போட வேண்டாம், ஒளியில் வெளிறிவிடும். மஞ்சள் வண்ணத்தில் பிசைந்த மரத்தூளே நிலைக்கும். புளியமரத்தின் அடியில் உலர்ந்த இலைகளை மிக்சியில் பொடித்துப் பரப்பலாம். பனையின் அடியில் காய்ந்த ஓலைகள் கிடக்க வேண்டும்.

சோழவந்தான் பக்கத்து வயலைக் காட்டுபவர்களுக்கு வரப்பின் அளவே உயிர்நாடி. ஓர் அடி வரப்பு எச்ஓவில் மூன்றரை மில்லிமீட்டர் மட்டுமே. அதைத் தீக்குச்சியைவிடச் சற்றே தடிமனாகப் பிளாஸ்டரில் வளைத்து, நேர்க்கோடாக இல்லாமல் நிலத்தின் சரிவுக்கு ஏற்ப இழுக்கவும். நட்டுச் சில நாளான நாற்று 2 மி.மீ. இழை, வரிசைகளின் இடையே சேற்று நிறமும் நீரின் பளபளப்பும் தெரிய வேண்டும். ஒரு வயல் நடவு முடிந்து, பக்கத்து வயல் சேறடித்துக் கிடந்தால் நாற்றங்காலின் கரும்பச்சை அங்கே எடுப்பாகத் தெரியும்.

கண்மாயை அமைப்பதானால் அதன் அமைப்பைப் புரிந்துகொண்டு தொடங்குங்கள். கரை தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறைபோல் வளைந்து நிற்கும்; மறுபக்கம் கரையே இல்லாமல் நீர் மெல்ல மெல்லத் தரையோடு கலந்து மறையும். வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையின் அருகே ஆழம்; மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கு கரையின் ஒரு முனையில். நாற்புறமும் ஒரே உயரக் கரை போட்டால் அது நீச்சல்குளமாகிவிடும். படுகையின் மண்ணைப் பசையால் இரண்டு முறை அடைத்துவிட்டு, கரையோரம் கரும்பழுப்பாகவும் மேடு நோக்கி வெளிர்ந்தும் வண்ணமிட்டு, எப்பாக்சி ரெசினைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலந்து 2 அல்லது 3 மி.மீ. அடுக்காக ஊற்றுங்கள். எப்பாக்சி தெர்மாகோலைக் கரைக்காது. பாலியஸ்டர் ரெசின் கரைத்துவிடும். புதுவெள்ளம் காவி கலந்த பழுப்பு, தெளிந்த நீர் மங்கிய பச்சை. நீல நிறம் எந்தப் பருவத்திலும் தேவைப்படாது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

மைதாப் பசையை எங்கும் பயன்படுத்தாதீர்கள். கரப்பானும் பூச்சியும் தேடி வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பலகையின் கால்களைக் கறையான் ஏறாதவாறு சுவரிலிருந்து விலக்கி நிறுத்தவும்.

எல்லாம் காய இரண்டு நாள் விட்டு, வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய துணியைக் கட்டித் தளம் முழுவதும் இழுத்தால் ஒட்டாத துகள்கள் துணியில் சேர்ந்துவிடும். அவற்றை மீண்டும் டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தண்டவாளத்தின் மேற்பரப்பை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, பாயிண்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த பின்னரே எஞ்சினை ஏற்ற வேண்டும்.